அஷ்டமி நாட்களில் இரண்டு எம்பி

அன்புள்ள அம்மணிக்கு,

நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னதைக் கேட்ட பிறகும் பேசாமல் இருந்தால், இனி நடக்கப்போவதும் என் கணக்கில்தான் சேரும். உங்கம்மா உன் தட்டில் இன்னொரு கரண்டி அரிசிம்பருப்பு சாதம் வைத்தாள். நீ கையால் மறித்துக்கொண்டே, "ஏனுங்ப்பா, உங்க பழைய ஸ்கேன் சென்டரோட வேலை எங்க கம்பெனிக்கு வந்துருச்சுங்க. நாந்தான் பாக்கறேன். ஒம்பது பிராஞ்சுக்கும் லைன் இனி தானா ஏறும், தானா எறங்கும். அஞ்சு வருசத்துக் கணக்கு குடுத்திருக்காங்க. அதப் பாத்து அதுவே கத்துக்கும்" என்றாய். "அந்தக் கணக்கை நம்பாதே" என்று மட்டும் சொன்னேன். நீ சிரித்தாய். "போங்ப்பா, அவங்க மேல இருக்கற கோவத்த எவ்வளவு நாளைக்கு வெச்சிருப்பீங்க?" உங்கம்மாவும் சேர்ந்துகொண்டாள்: "விடு கண்ணு, அந்தச் சென்டரு பேரெடுத்தாலே உங்கப்பாவுக்கு ஆகாது. நீ சோத்தத் தின்னு." அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அது கோபமாகத்தான் கேட்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். வரும் திங்கட்கிழமை நீ அதை ஓடவிடுகிறாய். அதே வாரம் வியாழக்கிழமை தேய்பிறை அஷ்டமி. அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

இதை உன்னைத் தவிர வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. காங்கேயத்திலோ பொள்ளாச்சியிலோ ஒருவருக்கு ஸ்கேன் எடுத்தால், அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் அங்கே இருப்பதில்லை. கோயம்புத்தூரில் மெயின் சென்டரில் உட்கார்ந்திருக்கிறார். படம் இன்டர்நெட் லைன் வழியாக அவருக்கு வர வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு கிளைக்கும் ஒரே அளவு லைன்தான். ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் அதே பில். பிறகு புதுத் திட்டம் வந்தது. லைனின் அளவை நாமே கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து கூட்டலாம், குறைக்கலாம். எவ்வளவு திறந்தோம், எவ்வளவு நேரம் திறந்து வைத்தோம் என்பதற்கு மட்டும் பில். எந்த நாள், எந்த மணிக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு வைக்கலாம். அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டு ஒன்பது கிளைக்கும் சேர்த்து ஒரே ஆளிடம் இருந்தது. என்னிடம்.

அந்த இடத்தில் நான் பத்தொன்பது வருடம் இருந்தேன். எம்.எஸ்சி. படித்தவன். எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு வயரைப் பிடிப்பதிலிருந்து கற்றுக்கொடுத்தேன். ஆனால் தலைமைப் பதவி வந்தபோது அது சென்டரின் முதலாளியான பெரிய டாக்டரின் அக்கா மகனுக்குப் போயிற்று. அவன் என்னை "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே என் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டான். உன் தாய்மாமன் கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, "மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரில ஒயர் புடிக்கற வேலைங்க" என்று சொல்லிச் சிரிப்பார். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறேன். மறக்க முயன்றதுகூட இல்லை. நான் ஏன் அப்படி ஒரு காரியத்தைச் செய்தேன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பத்தொன்பது வருடத்தில் நாலு பேர் முன்னால் எனக்குக் கிடைத்த பாராட்டு ஒன்றே ஒன்று. அதுவும் இதற்குத்தான் கிடைத்தது.

ஒரு நாள் காங்கேயம் கிளையின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதத்தில் நாலைந்து நாள் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. என் தலைக்கு மேல் நகைக்கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அஷ்டமி, நவமி. சில மாதம் கரிநாள். காங்கேயம் ஈஸ்வரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அங்கே ஸ்கேன் எடுக்கிற பெண். "ஆமாங்க சார். அன்னிக்கு யாரு வாரா? டாக்டர் எழுதிக் குடுத்த சீட்ட வெச்சுக்கிட்டு, 'இன்னிக்கு அஷ்டமிங்க, நாளைக்கு வாரமுங்க'ன்னு போயிருவாங்க. நான் அன்னிக்குத்தான் ரெஜிஸ்டருக்கு அட்டை போடுவேன்" என்றாள். அன்றே பத்து வருடப் பஞ்சாங்கம் ஒன்று வாங்கிவந்து அத்தனை வருடத்துக்கும் அட்டவணை போட்டேன். அஷ்டமி, நவமி, கரிநாள் என்றால் ஒன்பது கிளைகளுக்கும் லைன் இரண்டு எம்பி, அதாவது நொடிக்கு இரண்டு மெகாபிட். மற்ற நாட்களில் நாற்பது. மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் எல்லாக் கிளை மேனேஜர்களும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "பாருங்க, பஞ்சாங்கம் பாத்து இன்டர்நெட் உடற ஒரே ஆளு நம்மகிட்டத்தான் இருக்காரு. கீழ்நோக்கு நாள்னா லைனும் கீழதான்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா மகனும் தட்டினான். அந்த ஓசைக்காக நான் அந்த அட்டவணையை இன்னும் இறுக்கியிருப்பேன்.

அடுத்து நடந்தது நீ பட்டம் வாங்கிய நாளில். உனக்கு அந்த நாள் கறுப்பு அங்கி, குல்லாய், உங்கம்மா கட்டியிருந்த மயில்கழுத்து நிறப் பட்டு. அன்று காலை வீட்டு நாட்காட்டியைக் கிழித்தபோது அஷ்டமி என்று பார்த்தேன். உங்கம்மாகூட, "காலேசுக்காரங்களுக்கு நாளுங் கெழமையும் தெரியாதாட்ட இருக்குது" என்றாள். அரங்க வாசலில் போனை அமைதியாக வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். பதினோரு மணிக்கு மேல் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். பிறகு வெளியே புல்தரையில் நின்று மூன்று பேரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோவில் நான் ஏன் குனிந்திருக்கிறேன் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். வெயில் கண்ணில் பட்டது என்று சொன்னேன். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈஸ்வரியிடமிருந்து பதினோரு அழைப்பு.

செல்லமுத்து என்று ஒரு ஆள். தேங்காய் எண்ணெய் மில்லில் களத்தில் கொப்பரை காயப்போடுகிறவர். வேலை செய்துகொண்டிருக்கும்போதே வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. மில் வண்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். அடைப்பா, இரத்தக் கசிவா என்று படத்தைப் பார்த்துச் சொன்னால்தான் ஊசி போடலாம். அடைப்புக்குப் போடுகிற ஊசியைக் கசிவில் போட்டால் ஆள் போய்விடுவார். அதையும் நேரத்துக்குள் போட வேண்டும். ஈஸ்வரி சில நிமிடங்களில் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். படம் போகவில்லை. அந்த இரண்டு எம்பியில் பில் கம்ப்யூட்டருக்கும் கேமராக்களுக்கும் போக மிச்சம் இருந்த இடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் போன் பண்ணியபோது அவள் குரல் உடைந்திருந்தது. "சார், படம் பாதியில நிக்குதுங்க சார். மூணு தடவ மறுபடி அனுப்பிட்டேன். அவரு சம்சாரம் என் கையப் புடிச்சுக்கிட்டு உட மாட்டேங்கறாங்க." நான் புல்தரையில் நின்றபடியே போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டை நாற்பது ஆக்கினேன். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. "ஆ, போகுதுங்க சார்! போயிருச்சுங்க! நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்ளா சார்?" என்றாள். "இல்லையே. தானாகச் சரியாகியிருக்கும்" என்றேன். அதற்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போயிருந்தது. நீ ஐஸ்கிரீம் கேட்டாய். வாங்கிக் கொடுத்தேன்.

செல்லமுத்து பிழைத்தார். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருந்தால் திரும்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களுக்கே தெரியாது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்காதே. நான் முயன்று பார்த்துவிட்டேன். இரண்டாம் நாள் அக்கா மகன் கூப்பிட்டான். "அண்ணா, படம் லேட்டாப் போச்சுன்னு பெரியவங்க கேக்கறாங்க. லைன்ல ஒண்ணும் இல்லீங்ளே?" நான் வெள்ளைத் தாளில், சம்பவ நாளன்று காங்கேயம் லைன் சரியாக இயங்கியது என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு எம்பி லைன் இரண்டு எம்பியாகச் சரியாகத்தானே இயங்கியது! கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன். லைன் சரி, மிஷின் சரி என்றால் மிச்சம் இருப்பது ஈஸ்வரி. மிஷினை ஓட்டத் தெரியாத பெண் என்று சொல்லி அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள். ஆறு வருடம் அதை ஓட்டியவள்.

இதைவிட மோசமான ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த அட்டவணையை நான் மாற்றவில்லை. கை எத்தனையோ முறை போயிற்று. ஆனால் மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள். பில் ஏறும், பெரிய டாக்டர் கூப்பிடுவார், அப்போது காங்கேயம் கதை வெளியே வரும். அதனால் அதற்குப் பிறகும் ஒவ்வொரு அஷ்டமிக்கும் லைன் இரண்டு எம்பிக்கு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த நாட்களில் மட்டும் நான் பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எங்காவது படம் வந்தால் உடனே ஏற்றிவிடலாம் என்று. ஒரு வருடம் அப்படிக் காவல் காத்தேன். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பத்தொன்பது வருடத்துக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். அதை நான் உங்களிடம் எத்தனை முறை சொல்லிப் புலம்பியிருப்பேன்! அந்தக் கோபத்தைச் சத்தமாக வைத்துக்கொண்டால் அதற்குப் பின்னால் இருக்கிற பயம் யாருக்கும் கேட்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் வெளியே வந்த பிறகு என் அட்டவணையை யாரும் தொடவில்லை என்று அங்கே இருக்கிற ஒருவர் சொல்லித்தான் தெரியும். காவல் இருந்த ஆள்தான் இல்லை.

ஈஸ்வரியைப் போன வருடம் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பார்க்காதமாதிரி திரும்பினேன், அவளே ஓடி வந்தாள். இப்போது ஒரு கொப்பரை மண்டியில் பில் போடுகிறாளாம். "சார், நல்லா இருக்கீங்ளா? எளச்சுப் போயிட்டீங்க. அம்மணி என்ன பண்றா? அன்னிக்குப் பட்டம் வாங்குச்சே!" என்றாள். உன் பட்டமளிப்பு நாள் அவளுக்கும் நினைவிருக்கிறது, பார். டீ வாங்கிக் கொடுத்தாள். காசு கொடுக்க விடவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து கேட்டாள்: "சார், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேனுங்க. அன்னிக்கு நீங்க போன் பண்ணுன ஒடனே படம் போயிருச்சுங்க. அது எப்படிங்க சார்?" நான் சொன்னேன்: "சில நேரம் அப்படித்தான் ஈஸ்வரி." அவள் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "அப்படீங்ளா சார். சரிங்க சார். பாத்துப் போங்க" என்றாள். என்மேல் எச்சில் துப்பியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

போன மாதம் ஒன்று நடந்தது. உங்கம்மாவிடம் சொல்லிவிடாதே. துடியலூர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது இடது கை மரத்துப்போயிற்று. பை நழுவிக் கீழே விழுந்தது, எடுக்க விரல் மடங்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் இருக்கிற நம் சென்டரின் கிளைக்கே போகச் சொன்னேன். பாதி வழியில் அன்று நவமி என்று நினைவு வந்தது. இரண்டு எம்பி. ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். "ஏனுங் சார், ஒடம்புக்கு முடியலீனீங்க, இப்ப வேண்டாங்கறீங்க?" என்று அந்த ஆட்டோக்காரர் கேட்டார். வேறு ஆஸ்பத்திரி எதுவும் அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. மூளை பயத்தில் அவ்வளவுதான் வேலை செய்கிறது. வீட்டு வாசலில் உட்கார்ந்து விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் உணர்வு வந்துவிட்டது. நான் போட்ட அட்டவணைக்கு நானே பயந்து திரும்பி வந்தவன். ஆனால் எனக்காவது அது தெரியும். மில் வண்டியில் வருகிறவருக்கு என்ன தெரியும்?

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். நீ வாங்கி வைத்திருக்கிற ஐந்து வருடக் கணக்கில், பதினைந்து நாளுக்கு ஒரு பள்ளம் இருக்கும். அந்த நாட்களில் ஒன்றிரண்டு தடவை தவிர காங்கேயம் இரண்டு எம்பிக்கு மேல் போனதே இல்லை என்று அது உனக்குக் காட்டும். எப்படிப் போகும்? நான் திறந்து வைத்ததே இரண்டு எம்பிதான். தேவை குறைவாக இருந்ததையும், தேவைப்பட்டபோது வழி இல்லாமல் நின்றதையும் அந்தக் கோடு ஒரே மாதிரிதான் வரையும். உன் மிஷினுக்கு அஷ்டமி தெரியாது, செல்லமுத்துவைத் தெரியாது. அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அதை மதித்து ஒழுங்காக இறங்கும். எனக்காவது மனசு உறுத்திக் காவல் இருந்தேன். அதற்கு யார் உறுத்துவது? நாளைக்கு ஒன்று நடந்து, யார் பொறுப்பு என்று கேட்டால், மேலே இருப்பவர்கள் லைன் சரியாக இருந்ததா என்று உன்னிடம் ஒரு தாள் கேட்பார்கள். உனக்கு வயது இருபத்தைந்து, முதல் பெரிய வேலை, நாலு பேர் கை தட்டுகிறார்கள். நீ என் மகள் என்பதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, கண்ணு, திங்கட்கிழமைக்கு முன்னால் அந்தப் பழைய கணக்கிலிருந்து அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாவற்றையும் எடுத்து எறி. நாட்காட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை. எந்தக் கிளையிலும் எந்த நாளிலும் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஒரு அளவு வை. யாருமே வராத நாளைப் பார்த்து அந்த அளவைப் போடாதே. வாய் கோணி ஒருவர் வந்தால் அவர் படம் போய்ச்சேர எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு வை. அப்புறம், லைனை ஏற்றுகிற பட்டன் ஸ்கேன் எடுக்கிறவர் கையிலும் இருக்கட்டும். கோயம்புத்தூரில் ஒருவன் போனை அமைதியாக வைத்துவிட்டால் காங்கேயத்தில் ஒருத்தி தவிக்கக்கூடாது. பில் ஏறுகிறது என்று கேட்பார்கள். கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அதற்காகத்தான் இதைப் பத்து நகல் எடுக்கப்போகிறேன். ஒன்று உனக்கு. மற்ற ஒன்பதும் ஒன்பது கிளைகளின் ஸ்கேன் அறைக்கு, அங்கே மிஷினை ஓட்டுகிறவர்களுக்கு. படம் பாதியில் நின்றால் தங்கள் கையைச் சந்தேகப்படும் முன் லைனின் அளவைக் கேட்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈஸ்வரிக்கு மட்டும் கடிதம் இல்லை. சனிக்கிழமை பொள்ளாச்சிக்கு நேரிலேயே போகிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கேட்டதற்கு இந்தப் பக்கம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

கடைசியில் என் பெயரைப் போடலாமா என்று காலையிலிருந்து பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போடப் பயமாகவும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. உனக்குப் பெயர் தேவையில்லை, முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். அக்கா மகன் கைக்குப் போனாலும் தெரிந்துவிடும், தெரியட்டும். கேட்டால் ஆமாம் என்பேன். ஆனால் என் பெயரைப் பார்த்ததும் வெளியே அனுப்பப்பட்டவனின் வயிற்றெரிச்சல் என்று மடித்து வைக்க அங்கே எல்லோருக்கும் எளிது. ஞாயிற்றுக்கிழமை நீயே மடித்து வைத்தாயே. அதோடு, அந்தச் சென்டரின் ஃபைலில் காங்கேயம் லைன் சரியாக இயங்கியது என்கிற தாள் இன்னும் இருக்கும். அதன் கீழே என் கையெழுத்து முழுசாக, தேதியோடு இருக்கிறது. அதே கையெழுத்தை இதன் கீழும் போட்டால், இரண்டில் எதை நம்புவது என்று படிப்பவர் எப்படி முடிவு செய்வார்? அதனால் போடவில்லை. பத்து உறையிலும் விலாசம் எழுதி வைத்துவிட்டேன். தபால் நிலையம் மூடுவதற்குள் போய், நகல் எடுத்து ஒட்டி, கையெழுத்து இல்லாமலே பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.